ஜாலூஸி முதல் வெள்ளித்திரை வரை: சென்னையின் மறைப்புகள்

ஜாலூஸி என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு முதற்பொருள் பொறாமை. சாய்வாக அடுக்கிய மெல்லிய பலகைகளால் ஆன ஜன்னல் மறைப்புக்கும் அதுவே பெயர். கிரேக்கத்தில் பேரார்வத்தைக் குறித்த ஒரு சொல், லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் இறங்கிப் பொறாமை என்று பொருள் கொண்டது. இத்தாலியர் சாளரத்தின் பின்னலடைப்பை 'ஜெலோசியா' என்றனர். அதன் வழியே உள்ளிருப்பவர் வெளியைப் பார்க்கலாம். வெளியே நிற்பவர் உள்ளிருப்பவரைப் பார்க்க முடியாது. வீட்டுப் பெண்களை அயலார் கண்ணுக்குக் காட்ட விரும்பாத ஆணின் மனநிலையே பெயருக்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். ஸ்பெயினில் 'செலோசியா' என்றும், ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் பிரெஞ்சு வடிவத்தை ஒட்டியும் இச்சொல் இன்றுவரை ஜன்னல் மறைப்பைக் குறித்து வழங்குகிறது.

பிரெஞ்சு மொழியில் இதன் பொருள் இன்னும் விரிந்தது. தேவாலயங்களின் குழாய் ஆர்கனில் ஒலியைப் பெருக்கவும் அடக்கவும் ஒரு பெட்டியின் முகப்பில் திறந்து மூடும் பலகைகள் இருக்கும், அவையும் ஜாலூஸிகள். மேல்மாவைக் கீறி, இடுக்குகள் வழியே உள்ளிருக்கும் பழக்கூழ் தெரியும்படி சுடும் ஓர் இனிப்புப் பண்டத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. இதன் உறவுச்சொற்களும் பல. பலகை அடுக்குள்ள ஜன்னல் கதவு, பாரசீகத்தின் பெயரால் 'பெர்சியென்'. பாயைக் குறித்த இத்தாலியச் சொல்லில் பிறந்த 'ஸ்தோர்', சுருட்டி இறக்கும் மறைப்பு. காற்றுத் தடுப்பாக நிற்கும் மடக்குத் தட்டி 'பாராவான்'. கணப்பின் அனலைத் தடுக்க வைத்த 'எக்ரான்', பின்னாளில் திரைப்படம் விழும் திரைக்குப் பெயராயிற்று.

சுவர் எல்லாவற்றையும் தடுக்கும். மறைப்பு எதை விடுவது, எதை நிறுத்துவது என்று பிரிக்கும். வெயிலை நிறுத்திக் காற்றை விடும்; ஒருவர் பார்வையை விட்டு மற்றவர் பார்வையை நிறுத்தும்; காட்சியை உரிய நேரம்வரை நிறுத்திப் பிறகு விடும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைப்புகள் உருவாயின. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நகரின் தட்பவெப்பம், சமூகம், வழிபாடு, கலை ஆகியவை ஒரே இழையில் கோத்து நிற்பது தெரியும்.

வெயிலும் காற்றும்

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நகரின் நேர் உச்சியைக் கடந்து வடக்கே செல்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் மீண்டும் உச்சியைத் தாண்டித் தெற்கே திரும்புகிறது. ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே சாய்ந்து நிற்கும். எனவே அக்னி நட்சத்திர நாட்களில் வீட்டின் வடக்குச் சுவருக்கும் வெயிலிலிருந்து விடுதலை இல்லை. கிழக்கிலும் மேற்கிலும் நிலைமை இன்னும் கடினம். காலை வெயிலும் மாலை வெயிலும் தாழ்வாக வந்து அறைக்குள் நேரே நுழைவதால், ஜன்னலுக்கு மேல் கிடைமட்டமாக நீட்டிய சன்ஷேடு அங்கே பெரிதாக உதவாது. செங்குத்தாகத் தொங்கும் மறைப்புத்தான் வேண்டும்.

அதே கிழக்குத் திசையிலிருந்துதான் கடற்காற்றும் வருகிறது. கோடையில் நண்பகலை ஒட்டி அது கரையேறினால் வெப்பம் தணியும். மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று அதைத் தள்ளி நிறுத்தும் நாட்களில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். ஈரப்பதம் மிகுந்த ஊரில் வியர்வை உலரக் காற்றோட்டம் இன்றியமையாதது. ஜன்னலை அடைத்தால் புழுக்கம், திறந்தால் வெயில். வெளிச்சத்தையும் காற்றையும் பிரிக்கும் சாதனம் இல்லாமல் இந்த ஊரில் பகலைக் கடத்துவது எளிதன்று.

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் இதற்கு ஒரு விடை கண்டன. பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டியிருந்ததால் பக்கவாட்டில் ஜன்னலுக்கு இடமில்லை. முன்னே திண்ணை, அதன்பின் ரேழி, நடுவில் முற்றம், கொல்லைப்புறம் என நீளும் அமைப்பில் காற்று முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் ஓடியது. திண்ணையில் வெயில் ஏறும் நேரத்தில் மூங்கில் தட்டியோ தென்னங்கீற்றுத் தட்டியோ இறங்கும். மூங்கில் குச்சிகளை நூலால் வரிசையாகப் பின்னிய தட்டியில் இடைவெளிகள் சிறியவை. வெயில் சிதறிப்போகும், காற்று நுழையும், தெருவில் போகிறவர் யாரென்று உள்ளிருந்து தெரியும். மழைக்காலத்தில் அதே இடத்தில் படுதா கட்டப்படும். வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து சாரலாக அடிக்கும்போது துளையுள்ள தட்டி போதாது. படுதா என்ற பெயர் உருது வழியாக வந்த பாரசீகச் சொல். அந்த மூலச்சொல்லுக்கும் திரை என்றே பொருள்.

ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து கோட்டையை விட்டு வெளியே வந்து கட்டிய தோட்ட வீடுகள் இன்னொரு விடை. அடையாறு ஆற்றங்கரையில் இவை பல எழுந்தன. இப்போது அரசு இசைக் கல்லூரி இயங்கும் பிராடி கோட்டையும், 1882இல் பிரம்மஞான சபை வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டமும் அந்த வரிசையில் வந்தவை. தோட்ட வீடுகளின் இயல்பு, நாற்புறமும் மரங்களும் ஆழமான தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் கொண்டிருப்பது. ஜன்னல்களில் பலகை அடுக்குள்ள மரக்கதவுகள். பலகைகளை இணைத்த நடுக்குச்சியை மேலே தள்ளினால் அடைப்பு, கீழே இழுத்தால் திறப்பு. ஆங்கிலேயர் இதை வெனிஸ் நகரத்தின் பெயரால் அழைத்தனர். தெற்கே 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் கடலோரத் தெருக்களிலும் அதே பலகை ஜன்னல்கள் உண்டு. ஒரே சாதனத்துக்கு ஒருவர் வெனிஸையும் மற்றவர் பாரசீகத்தையும் பெயராக வைத்தார்கள். கீழைநாட்டு வெப்பத்தில் பிறந்த பழக்கம் என்ற நினைவு பிரெஞ்சுப் பெயரில் தங்கியிருக்கிறது.

நனைத்த வெட்டிவேர்த் தட்டி மூன்றாவது வகை. நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் தட்டியைக் கடந்து வரும் காற்று குளிர்ந்திருக்கும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும். ஆகவே வட இந்தியாவின் வறண்ட கோடையில் அது சிறப்பாகப் பயன்பட்டது. சென்னையில் மேற்கிலிருந்து அனல்காற்று வீசும் நாட்களில் மட்டுமே அதற்கு முழுப் பயன். கடற்காற்று ஈரத்தோடு வந்தபின் மணம்தான் மிஞ்சும்.

இன்றைய அடுக்குமாடி வீடுகளில் கண்ணாடிச் சறுக்கு ஜன்னலும் அதற்கு உட்புறம் துணித்திரையும் வழக்கமாகிவிட்டன. வெயில் கண்ணாடியைக் கடந்து திரைமேல் விழுந்தபின் திரை சூடாகி அந்த வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிப்புறம் தொங்கிய தட்டியோ வெப்பத்தை வாசலிலேயே நிறுத்தியது. கொசுவுக்காகப் பொருத்தும் வலை காற்றின் வேகத்தையும் குறைக்கிறது. உள்திரை வெளிச்சத்தை மறைக்கும், அறையைக் குளிர்விக்கும் வேலை இயந்திரத்தின் தலையில் விழுகிறது. மறைப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைப் பழைய வீடுகள் அறிந்து வைத்திருந்தன; புதிய வீடுகள் அதை மறந்ததற்கு மின்கட்டணத்தில் விலை கொடுக்கின்றன.

கீற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மலிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் அது நெருப்பைத் தாங்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்ததில் 94 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. ஒரு மறைப்பின் தகுதியை அது தரும் நிழலை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது.

பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

ஜன்னலின் பழந்தமிழ்ப் பெயர்களில் காலதர் என்பது காற்று வரும் வழி என்றும், பலகணி என்பது பல கண்களை உடையது என்றும் பொருள்படும். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளை வருணிக்கும்போது மானின் கண்ணைப் போன்ற காலதர்களைச் சொல்கிறது. காற்றுக்கான துளையே பார்வைக்கான துளையாகவும் இருந்தது.

அந்தப் பார்வையை ஒருபக்கமாக்கும் ஏற்பாடு, நகரின் சில சமூகங்களில் பெண்களின் வாழ்க்கையையே வரையறுத்தது. வட இந்தியாவில் பர்தா எனப்பட்டதைச் சென்னையில் கோஷா என்றனர். பாரசீகத்தில் அதற்கு மூலை என்று பொருள். ஆற்காட்டு நவாப் குடும்பத்தைச் சுற்றி வளர்ந்த திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை வட்டாரங்களில் இந்த வழக்கம் நிலவியது. கோஷாவிலிருந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டமாட்டார்கள். பிரசவச் சிக்கலிலும்கூட உதவி கிடைக்காமல் போனது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லிப் இந்த நிலையை நேரில் கண்டவர். அவருடைய முயற்சியால் 1885இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கியது. கோஷாப் பெண்களுக்கும் சாதிக் கட்டுப்பாடுள்ள பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை என்பது அதன் பெயர். 1948இல் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று மாறியது. ஆனாலும் திருவல்லிக்கேணியில் அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

பெண்ணை மறைத்த திரையை உடனே கிழிக்க அந்த மருத்துவமனை முயலவில்லை. திரைக்கு உள்ளேயே மருத்துவத்தைக் கொண்டுசென்றது. அங்கே சிகிச்சை தரப் பெண் மருத்துவர்களும் செவிலியரும் தேவைப்பட்டதால், அவர்களை உருவாக்கும் கல்வியும் வளர்ந்தது. அடைத்து வைக்க ஏற்பட்ட வழக்கம் பெண்களுக்கு ஒரு தொழிலைத் திறந்துவிட்டது. ஜாலூஸி என்ற சொல்லில் உறைந்துள்ள உடைமை உணர்வுக்குச் சென்னை கண்ட நடைமுறைப் பதில்களில் இது மதிப்புமிக்க ஒன்று.

சன்னிதியின் திரை

கோயில் திரை முற்றிலும் வேறு வகை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலிலோ திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலிலோ அலங்காரமும் நைவேத்தியமும் நடக்கும்போது சன்னிதியில் திரை போடப்படும். மணியும் நாகஸ்வரமும் ஒலிக்கத் திரை விலகும் கணத்தில் தீபாராதனை. காத்திருந்தவர்களின் கைகள் ஒருசேரக் குவியும். திரை இங்கே யாரையும் நிரந்தரமாக விலக்குவதில்லை. காட்சிக்கு நேரம் குறிக்கிறது. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் களையப்படும். மறைவின் நீளம் காட்சியின் மதிப்பைக் கூட்டுகிறது.

திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையே தத்துவமாக்கிய இடம் சிதம்பரம். அங்குள்ள ரகசியத்தின் திரை வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. கறுப்பை அறியாமை என்றும் சிவப்பை ஞானம் என்றும் கொள்வார்கள். திரை விலகினால் உருவம் இல்லை. வெட்டவெளியில் தொங்கும் பொன் வில்வ மாலைகள் மட்டும் தெரியும்.

சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்த வள்ளலார் இந்த மரபை மேலும் விரித்தார். வடலூரில் அவர் அமைத்த சத்திய ஞான சபையில் 1872 ஜனவரியில் முதல் வழிபாடு நடந்தது. அங்கே ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு. ஒவ்வொன்றும் ஆன்மாவை மூடும் ஒரு சக்தியைக் குறிக்கிறது. கறுப்பு மாயாசக்தி, நீலம் கிரியாசக்தி, கலப்பு சிற்சக்தி என வரிசை அமையும். மாதப் பூசத்தில் ஆறு திரைகள் விலகும், தைப்பூசத்தன்று ஏழும் விலகும். திரைகளை அகற்றுவதே அங்கே வழிபாட்டின் நடுக்கூறு. சாதி பேதம் பாராமல் எல்லோருக்கும் சபையைத் திறந்து வைத்தவர், மறைப்பை ஆள்மேல் போடாமல் அறியாமைமேல் போட்டுக் காட்டினார்.

இந்த இடத்தில் தியாகராஜர் பாடிய 'தெர தீயக ராதா' என்ற கௌளிபந்து ராகக் கீர்த்தனை முக்கியமாகிறது. திருப்பதிக்கு அவர் போனபோது சன்னிதியில் திரை போடப்பட்டிருந்தது, அவர் பாடியதும் அது விலகியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாடலில் அவர் விலக்கக் கேட்கும் திரை துணியாலானதன்று. தன் உள்ளே கிடக்கும் மாற்சரியம், அதாவது பொறாமை. ஐரோப்பாவில் பொறாமையின் பெயரை மறைப்புக்கு இட்டார்கள். 1847இல் மறைந்த இந்தத் திருவையாற்றுக்காரர் பொறாமையையே மறைப்பு என்றார். முன்னது பிறரைப் பூட்டுகிறது. பின்னது தன்னைத் திறக்கச் சொல்கிறது. இருவேறு நிலங்களில் தொடர்பின்றி எழுந்த இந்த ஒற்றுமை, மறைப்பு என்ற பொருள் மனித மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்குச் சான்று.

மேடையின் எழினி

மேடைத் திரைக்குத் தமிழில் எழினி என்று பெயர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கைத் துல்லியமாக அளக்கிறது. 24 விரல் நீளமுள்ள கோலால் அளந்து 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மூவகை எழினிகளும் அங்கே வருகின்றன. ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து கூடும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. இன்றைய சபா மேடைகளின் திரைகளையும் இந்த மூன்றில் அடக்கிவிடலாம். இந்தக் காப்பியத்தை 1892இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் பெயரால் 1943இல் தொடங்கிய நூல்நிலையம் பெசன்ட் நகரில் உள்ளது.

தெருக்கூத்தில் திரைக்குத் தூணும் கயிறும் வேண்டாம். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்தால் போதும். வேடக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். கிரீடத்தின் உச்சியும் காலின் அசைவும் மட்டும் தெரியும். குரல் முன்னே வந்து சேர்ந்தபின் முகம் வெளிப்படும். செய்யாறு அருகிலுள்ள புரிசையின் கண்ணப்ப தம்பிரான் போன்றவர்கள் இந்த மரபைக் காத்தார்கள். ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழியாக நவீன நாடகமும் அதைக் கற்றது.

நகரத்து நாடகம் வேறு வழியில் போனது. பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த ஓவியத் திரைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டிலும் பரவின. அரண்மனை, தெரு, காடு, தோட்டம் என்று தீட்டிய படுதாக்கள் இறங்கி ஏறின. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலம் அது. திரை இங்கே புதிய வேலையை ஏற்றது. காட்சிக்கு முன்னால் நின்று மறைத்தது போய்ப் பின்னால் நின்று இடத்தைக் காட்டியது. அடுத்து வந்த பெரிய மாற்றத்துக்கு இதுவே முன்படி.

படம் விழும் திரை

1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், தூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படமோட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1913இல் மவுண்ட் ரோடில் எலெக்ட்ரிக் தியேட்டர் நிரந்தரக் கட்டடமாக எழுந்தது. மறுஆண்டு ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி வந்தது. டூரிங் டாக்கீஸ்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு வைப்பது வழக்கம். ஒரே கொட்டகைக்குள் ஒரு மறைப்பு மக்களைப் பிரிக்க, இன்னொன்று அத்தனை பேர் கண்களையும் ஒன்றாக்கியது.

தொழில்நுட்பமாகவும் இந்தத் திரை கவனிக்கத் தக்கது. ஒளியைத் திருப்பி அனுப்ப வெள்ளியின் பளபளப்புள்ள பூச்சு கொடுத்ததால் வெள்ளித்திரை என்ற பெயர் வந்தது. 1931இல் 'காளிதாஸ்' வெளியானபின் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. பேசுபவரின் உதட்டிலிருந்தே குரல் வருவதுபோல் இருக்க ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால் வைக்கப்பட்டது. ஒலி வெளிவரத் திரை முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் இடப்பட்டன. ஒளி நிற்கும், ஒலி கடக்கும். 1973இல் 'ராஜ ராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தபோது அரங்குகள் திரையை அகலப்படுத்த வேண்டியிருந்தது.

தென்சென்னையில் இத்திரைகள் வட்டாரத்தின் அடையாளங்களாக இருந்தன. மயிலாப்பூர் லஸ்ஸில் காமதேனு, மந்தைவெளியில் கபாலி, பாண்டி பஜாரில் நடிகை டி.ஆர். ராஜகுமாரியின் பெயரிலமைந்த ராஜகுமாரி, அதே தியாகராய நகரில் நாகேஷ் தியேட்டர் என அவை வரிசையாக நின்றன. இன்று அவற்றில் எதிலும் படம் ஓடவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதும் வீட்டுக்கூடத்துக்கு ஒரு திரை வந்தது. அதற்குச் சின்னத்திரை என்று பெயர் வைத்ததில் தமிழர்களுக்குத் தயக்கமே இல்லை. இன்று கைப்பேசியின் கண்ணாடியும் திரைதான்.

சன்னிதியிலும் கூத்திலும் திரை விலகினால்தான் காட்சி. சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் திரை இருந்தால்தான் காட்சி. அனலைத் தடுத்த எக்ரான் பிரெஞ்சில் கடந்த அதே தூரத்தைத் தமிழில் திரையும் கடந்திருக்கிறது. இந்த நகரில் பழைய பொருள் எதுவும் அதனால் வழக்கொழியவில்லை. மாடவீதியில் ஒரே மாலைப்பொழுதில் கடைவாசலில் படுதா இறங்குகிறது, சன்னிதியில் திரை விலகுகிறது, சபாவில் எழினி ஏறுகிறது. ஒவ்வொன்றும் வெயில், பார்வை, நேரம் ஆகியவற்றில் ஒன்றை அளந்து விடுகிறது.